யாழ்ப்பாணத்தில் அக்சன் பிகர் விற்பது: முற்பணம், ஏற்றுகூலி, வெக்கை

அக்சன் பிகர் (கை, கால் மூட்டுகள் அசையும் படக் கதாபாத்திரப் பொம்மை) கடை போட நினைப்பவர்கள் இங்கே வாங்க ஆள் இருக்குமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆள் இருக்கும். கடையைச் சாய்ப்பது காசு முடங்குவதுதான். ஜப்பானிய நிறுவனங்கள் பிகர் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே முற்பதிவை மூடிவிடும். அறிவித்த மாதமும் அடிக்கடி தள்ளிப்போகும். இன்று கட்டிய காசு சாமானாகக் கைக்கு வர ஒரு வருடம் போனாலும் போகலாம்.

அதனால் முதலில் முற்பண விதியை எழுதுங்கள். பாதி விலையை வாங்கிக்கொண்டே பெயரைப் பதியுங்கள். பற்றுச்சீட்டில் அன்றைய டொலர் விகிதத்தையும் குறித்து, சாமான் வரும்போது விகிதம் மாறியிருந்தால் மீதித்தொகையும் மாறும் என்று எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ரூபாவில் நிலையான விலை பேசி முற்பதிவு எடுத்த எந்தக் கடையும் அப்படியொரு ஏற்றத்தைத் தாங்காது. முற்பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், கடை வாடகைக்கு அதில் கைவைக்க வேண்டாம். நிறுவனம் வெளியீட்டைக் கைவிட்டால் முழுக்காசையும் திருப்பிக் கொடுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் பத்துப்பேர் "எனக்கும் ஒண்டு" என்று சொன்னால் அது பத்து விற்பனை ஆகாது. முற்பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையோடு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சேர்த்து எடுங்கள். ஹஸ்ப்ரோ போன்ற பொம்மை நிறுவனங்களின் ஆறு அங்குலத் தொடர்கள் மொத்த விநியோகத்தில் கலந்த பெட்டியாக வருவதுண்டு. அதில் எல்லோரும் கேட்கும் பாத்திரம் ஒன்றிரண்டுதான் இருக்கும், மற்றவை தட்டிலேயே தங்கும். கொழும்புக் கடையொன்றோடு பெட்டியைப் பங்குபோடலாம். முடியாவிட்டால் அந்தத் தொடரை விட்டுவிடுவதே நல்லது.

விலைக் கணக்கில் பலர் ஏமாறுவது ஏற்றுகூலியில். சர்வதேச கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 40×30×20 பெட்டி 4.8 கிலோ என்று வரும், உள்ளே இரண்டு கிலோதான் இருந்தாலும் கூலி அந்த 4.8க்கே. சுங்கத்தில் வரி பிகரின் விலைக்கு மட்டும் விழாது, ஏற்றுகூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கே விழும். 25 டொலர் பிகருக்கு 6 டொலர் கூலி போனால் கணக்கு 31இல் தொடங்கும். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மற்றத் தீர்வைகள் வர்த்தமானியில் மாறிக்கொண்டிருப்பதால், ஓடர் போடுமுன் கிளியரிங் முகவரிடம் அன்றைய வீதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் மாமா, சித்தப்பாமாரின் சூட்கேசோடு விலையில் போட்டி போட முடியாது. அங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதை அவர்கள் கொண்டுவருவார்கள். முற்பதிவிலேயே தீர்ந்துபோகும் ஜப்பானியப் பிகர்கள், ஸ்ராண்ட், மாற்றுக் கைகள், மூட்டுத் திருத்தம் ஆகியவற்றை நீங்கள் வையுங்கள்.

வெக்கையும் ஈரமும் இங்கே சேகரிப்பாளரின் பெரிய எதிரிகள். தகரக் கூரைக்குக் கீழே பிகர் செய்யும் பிவிசி பிளாஸ்ரிக் மெதுவாகி, நிற்கும் பிகரின் கணுக்கால் சாயும். மூடிய பெட்டிக்குள் பிவிசியை மிருதுவாக்கும் எண்ணெய்ச் சேர்மம் மேலே கசிந்து பிசுபிசுக்கும். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வெள்ளைப் பாகங்கள் மஞ்சளிக்கும். மாரியில் மட்டைப்பெட்டி நெளியும், நிலத்தில் வைத்தால் கறையான் ஏறும். தட்டு நிலத்திலிருந்து ஒரு சாணாவது உயர்ந்து, சுவரைத் தொடாமல் நிற்கட்டும். பெட்டிகளுக்கிடையே சிலிக்கா ஜெல் பொதிகளைப் போட்டு, மாரி முழுக்க மாற்றிக்கொண்டிருங்கள்.

பிசுபிசுத்த பிகரை இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். நெயில் பொலிஷ் நீக்கி வேண்டாம், அசிற்றோன் பெயின்ரையும் ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கையும் கரைக்கும். இறுகிய மூட்டைப் பலமாகத் திருப்பினால் உள்ளே பாகங்களை இணைக்கும் முளை முறியும். ஹெயார் ட்ரையரால் அரை நிமிடம் சூடாக்கி, மெல்ல அசைத்துப் பாருங்கள். சாய்ந்த காலைச் சுடுநீரில் ஒரு நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்நீரில் வையுங்கள். துணி உடை போட்டவற்றுக்கும் பற்றரி உள்ளவற்றுக்கும் இது சரிவராது.

போலிகளை மலிவுக்காகக்கூட எடுக்க வேண்டாம். ஜப்பானியக் கார்ட்டூன் நிறுவனமான டோயி அனிமேஷனின் உரிமை பெற்ற ஜப்பானியப் பெட்டிகளில் அந்நிறுவனத்தின் ஸ்ரிக்கர் இருக்கும். அதையும் போலியாக அடிப்பதால் கண் வரைந்த விதம், கோடு தாண்டிய பெயின்ற், தளர்ந்த மூட்டு, கடும் பிளாஸ்ரிக் மணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளியூருக்கு அனுப்பும்போது பெட்டிக்கும் விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மூலை நசிந்த பெட்டியைத் தீவிர சேகரிப்பாளர் திருப்பி அனுப்புவார். பபிள் ராப் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு வெளிப்பெட்டியில் வையுங்கள். இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்குங்கள், டேப் உட்பெட்டியில் படக்கூடாது. ஒட்டுமுன் ஆறு பக்கமும் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். கொழும்புக்குப் பஸ்ஸில் போடுவதானால் இரவு பஸ்ஸில் போடுங்கள், பகலில் சாமான் அறைக்குள் சூடு மிகக் கூடும்.