லோக்கல் ட்ரெயின்லயே கேரம் பிராக்டிஸ் பண்ணலாம்

மும்பை சயன் ஸ்டேஷன்ல ஏறுனா கைய அசைக்கக்கூட இடம் இருக்காது, ஆனா மனசுக்குள்ள கேரம் ஆடலாம். கப்பு வாங்குற சீனெல்லாம் ஓட்டாதீங்க, அது வேஸ்ட்டு. ஸ்ட்ரைக்கர எங்க வைக்கிறோம், விரல் எவ்ளோ இறுக்கம், சுண்டுற சத்தம், காய் பாக்கெட்ல விழறது, எல்லாத்தையும் நெஜ ஸ்பீடுலயே உங்க கண்ணு வழியா பாக்குற மாதிரி ஓட்டணும். 1995ல பஸ்குவல்-லியோன்ங்கிற மூளை ஆராய்ச்சியாளரோட குழு பண்ண ஆராய்ச்சில, பியானோவ தொடாம 5 நாள் மனசுக்குள்ள வாசிச்சவங்களுக்கும் மூளைல விரலுக்கான பகுதி மாறிச்சு, ஆனா வாசிப்பு என்னவோ தொட்டு வாசிச்சவங்க அளவுக்கு வரல, அதனால போர்ட விட்றாதீங்க.

இன்னொன்னு லூசிட் ட்ரீம், அதாவது இது கனவுதான்னு கனவுக்குள்ளயே தெரியுறது. அதுலயும் ஆடிப் பாக்கலாம். கனவு வர்ற தூக்கம் விடியக்காலைலதான் ஜாஸ்தி, அதனால 5 மணி போல முழிச்சு கொஞ்ச நேரம் உக்காந்து "அடுத்த கனவுல இது கனவுன்னு கண்டுபுடிக்கணும்"னு சொல்லிக்கிட்டே திரும்ப படுங்க. எல்லாருக்கும் உடனே வராது. விரார் மாதிரி தூரமான புறநகர்ல இருந்து டெய்லி வந்து போறவங்க, ஏற்கெனவே தூக்கம் பத்தாதவங்க இத லீவு நாள்ல மட்டும் ட்ரை பண்ணுங்க.