ஹோலோகாஸ்டில் (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையில்) தப்பிய அம்மாவை முதுமையில் பார்த்துக்கொள்ள

எண்பது, தொண்ணூறு வயதில் பழைய பயம் திரும்பி வரும், மறதி நோயும் சேர்ந்தால் இன்னும் மோசம். முக்கியமாகக் குளியல். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் குளிக்கப்போவதாகச் சொல்லித்தான் விஷவாயு அறைக்குள் அனுப்பினார்கள், அதனால் ஷவரைப் பார்த்து அம்மா அலறினால் அது பிடிவாதம் இல்லை. ஷவரை விட்டுவிடுங்கள், கதவைத் திறந்தே வைத்து, வெந்நீரில் துணியை நனைத்து, "இப்போ கையைத் துடைக்கிறேன்மா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் துடைத்துவிடுங்கள்.

பட்டினி கிடந்த பயத்தில் தலையணைக்கு அடியில் ரொட்டி ஒளித்து வைப்பார். தயவுசெய்து திட்டாதீர்கள். காய்ந்ததை அவர் பார்க்காதபோது எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுத் துண்டை வையுங்கள்.

மருத்துவமனை என்றால் சீருடை, வரிசை, முடி வெட்டுவது எல்லாமே முகாமை நினைவுபடுத்தி அவரை உலுக்கலாம் என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், பிற்காலத்தில் பலர் இட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), போலிஷ் என்று சிறுவயது மொழிக்கே போய்விடுவார்கள், அது தெரிந்த பணியாள் கிடைத்தால் பெரிய நிம்மதி.

செலவுக்கு, தப்பியவர்களுக்கு ஜெர்மனியிடம் இழப்பீடு பெற்றுத்தர 1951-இல் தொடங்கிய கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற யூத அமைப்பு வீட்டுப் பராமரிப்புக்கு நிதி தருகிறது, உள்ளூர் யூத நல அமைப்பில் விசாரியுங்கள். குடும்பத்தாரைப் பற்றிய ஆவணங்களை நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ஜெர்மனியின் அரோல்சன் காப்பகம் இலவசமாகவே தேடித்தரும், ஆனால் விண்ணப்பிக்கும் முன் அதைத் தெரிந்துகொள்ள அம்மாவுக்கு விருப்பமா என்று கேட்டுவிடுங்கள்.