பன்னிரண்டு மணிக்கு உட்காராதவர் பட்டினி: லா ரோக்-கஜாக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மணி இரண்டேகால். ஆற்றோரத்தில் ஒரு உணவகம். மர நிழலில் பதினைந்து மேஜைகள், பாதிக்கு மேல் காலி. அக்கா, அத்தான், அவர்களுடைய பிள்ளைகள் இருவர், நான். பரிமாறுகிற அம்மா எங்களைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். சமையலறை மூடியாகிவிட்டதாம். அத்தானுக்கு இது விளங்கவே இல்லை. மேஜை காலியாக இருக்கிறது, பசியோடு ஐந்து பேர் நிற்கிறோம், கையில் காசும் இருக்கிறது, அப்புறம் என்ன? அன்றைக்கு மதியச் சாப்பாடு காரில் கிடந்த பிஸ்கட்டும் நாலு வாழைப்பழமும்தான்.

அந்த அம்மாவின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிரெஞ்சுக் கிராமத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்குள் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இலை. இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் இனி இரவு ஏழு மணிக்குத்தான். சின்னக் கடைகளும் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டு இரண்டரைக்குத் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதே இல்லை. நகரத்துக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு போய் இறங்குவதுதான் இங்கே வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

ஊரைச் சொல்லவில்லையே. பிரான்சின் தென்மேற்கில், தொர்தோன் ஆற்றின் கரையில் இருக்கிறது லா ரோக்-கஜாக். மக்கள்தொகை சுமார் 400. பின்னால் செங்குத்தான மஞ்சள் பாறை, முன்னால் ஆறு, நடுவில் ஒரே ஒரு சாலை. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்ட வீடுகள். பாறை தெற்கு நோக்கி இருப்பதால் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தேவாலயத்துக்குப் போகிற சந்தில் வாழையும் பனை வகைகளும் மூங்கிலும் வளர்கின்றன. பிரான்சில் வாழை மரத்தைப் பார்த்ததும் அக்கா அதன் அடியில் நின்று எடுத்துக்கொண்ட படங்களுக்குக் கணக்கில்லை. 1982இல் தொடங்கிய 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' சங்கத்தின் பட்டியலில் இந்த ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே பேனாக், கஸ்தெல்னோ, தோம் என்று அதே பட்டியலில் இன்னும் மூன்று.

இங்கேதான் இரண்டாவது தவறு. நாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றனவே, ஒரே நாளில் நாலையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது. வரைபடத்தில் சரியாகத்தான் தெரியும். ஆனால் எதிர்க்கரையில் கண்ணெதிரே நிற்கிற கோட்டைக்குப் போக, பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றித்தான் ஆக வேண்டும். ஆகஸ்ட் மாதம் அந்த ஒற்றைச் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசை. பேனாக்கில் கீழே ஆற்றோரம் காரை விட்டால் கோட்டை வரைக்கும் கல் பாவிய செங்குத்துச் சந்தில் மூச்சு வாங்க ஏற வேண்டும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் மேலே கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுத்துமிடத்துக்கே நேராகப் போய்விடுவது நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்பதே என் கணக்கு. நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சுக்காரர் பக்கம், எதிரே கஸ்தெல்னோ ஆங்கிலேயர் பக்கம்; இரண்டு கோட்டையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் மதிலில் நின்று மற்றதைப் பார்க்கும்போதுதான் அந்தச் சண்டை புரியும், அதற்கு அவசரமில்லாத ஒரு மணி நேரம் வேண்டும்.

கார் இல்லாமல் வந்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. ரயில் பக்கத்து நகரமான சார்லா வரைக்கும் வரும். அங்கிருந்து பேருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். டாக்சியை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். காரில் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை. அது மாட்டுக்கொட்டகைச் சந்திலிருந்து வந்தாலும் சரி. சிவப்புக் கரை போட்ட ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டினால் வேறு எண் எழுதியிருக்காவிட்டாலும் வேகம் 50தான். பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வரும் வரை அந்த வேகம் மாறாது.

இனி ஆறு. இங்கே வந்து படகில் போகாதவர்கள் குறைவு. கபார் என்று ஒரு தட்டையடிப் படகு உண்டு. ஒரு காலத்தில் மேல்பகுதிக் காடுகளிலிருந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போன படகுகள். பல படகுகள் போன இடத்திலேயே பிரித்து விற்கப்பட்டன, எதிர்நீரோட்டத்தில் திரும்பக் கொண்டுவரக் கட்டுப்படியாகாது. இப்போது அதே வடிவத்தில் செய்த படகுகளில் பயணிகளை ஏற்றி ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சரி. மற்றவர்கள் துடுப்புப் படகை வாடகைக்கு எடுக்கலாம். தோம் மலையடிவாரத்தில் உள்ள செனாக்கில் ஏறினால் லா ரோக்-கஜாக், கஸ்தெல்னோ, பேனாக் என்று மூன்றையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம், சுமார் 10 கி.மீ.

இதைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிறார்கள் பாருங்கள், அதுதான் தவறு. ஆறு மேற்கே ஓடுகிறது. மூன்று மணிக்கு மேல் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், தண்ணீரிலிருந்தும் கூசும். பார்க்க வந்த கோட்டை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காலை ஒன்பதரைக்கு ஏறினால் வெயில் முதுகுக்குப் பின்னால், ஆற்றில் கூட்டமும் இல்லை, நடுவே கூழாங்கல் திட்டில் இறங்கிக் கட்டுச்சோறு சாப்பிடலாம். வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: முதலில் வண்டியில் மேலே கொண்டுபோய் விடுவார்களா, முடிவில் வந்து ஏற்றிக்கொள்வார்களா? முதல் வகைதான் நிம்மதி. நம் கார் நிற்கிற இடத்திலேயே வந்து கரையேறலாம், கடைசி வண்டி போய்விடுமோ என்ற பதற்றம் இருக்காது.

ஆறு சாதுவாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம். முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும் குழியாக இருக்கும். மேல்பகுதியில் அணைகள் உள்ள ஆறு இது, தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். பாலத்தின் தூண்களை ஒட்டி நீர் இழுக்கும். அங்கே படகைக் குறுக்கே திருப்பிவிடக் கூடாது, இரண்டு தூண்களுக்கு நடுவே நேராக விட வேண்டும். படகு எடுக்க 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நீந்தத் தெரியாதவர் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, புழுக்கமாக இருக்கிறதென்று மிதவைச் சட்டையின் கொக்கிகளைக் கழற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்பும் வேண்டாம், முதல் சேற்றிலேயே ஒன்று போய்விடும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது பழைய ஷூ போதும்.

இந்த வட்டாரத்தில் ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய குகைகள் உண்டு. அவற்றைப் பற்றி எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: லாஸ்கோவில் காட்டுவது நகல்தானே, அதற்கு ஏன் காசு? 1940 செப்டம்பரில் நாலு பையன்கள் கண்டுபிடித்த குகை அது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக் காற்றாலும் ஈரத்தாலும் சுவரில் பாசி பிடிக்க, 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். மோந்தின்யாக்கில் 2016இல் திறந்த புதிய மையத்தில் குகையின் முழு அளவு நகல் இருக்கிறது. நான் முதலில் முகம் சுளித்துக்கொண்டுதான் போனேன். உள்ளே அந்தக் காளைகளுக்குக் கீழே நின்றபோது நகல் என்பது மறந்துபோனது. அசலையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு லே ஸெஸியில் ஃபோன் தெ கோம் குகை இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த தெனி பெரோனி 1901இல் அங்குள்ள ஓவியங்களை அடையாளம் கண்டார். பல வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகள் இன்னும் பாறையில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு மிகச் சிலரையே உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்று பயனில்லை. வெளியே 38 டிகிரி கொதித்தாலும் குகைக்குள் 13 டிகிரிதான். கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். ரூஃபின்யாக் குகையில் சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே போய் மாமத் யானை ஓவியங்களைப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு அது பிடிக்கும்.

சைவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இது வாத்து நாடு. சாலட் என்று பெயரைப் பார்த்துவிட்டுப் பச்சைக் காய்கறி வரும் என்று நம்பக் கூடாது. இந்த வட்டாரத்தின் பழைய பெயரைத் தாங்கிய பெரிகோர் சாலட்டில் வாத்தின் இரைப்பையும் நெஞ்சுக்கறியும் இருக்கும். சார்லா உருளைக்கிழங்கு என்று பூண்டு மணக்க வருவதும் வாத்துக் கொழுப்பில் பொரித்ததுதான். சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் காளான் ஆம்லெட், அக்ரூட் கேக், இவற்றைக் கேட்டு வாங்கலாம். குழாய்த் தண்ணீர்க் கூஜா இலவசம், 'கராஃப் தோ' என்று கேட்டால் தருவார்கள்; வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பெல் தமிழ்க் கடைகளில் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் வாங்கி வைத்துக்கொண்டால் தங்குமிடத்தில் சோறு வடித்துச் சமாளித்துவிடலாம். சார்லா சந்தை புதனும் சனியும் காலையில். பதினொன்றுக்குப் போனால் கூட்டத்தில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். எட்டரைக்குப் போங்கள். கோடை இரவுச் சந்தைகளில் பல ஊரில் சாப்பாடு மட்டும்தான் விற்பார்கள், தட்டும் கரண்டியும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

எங்கே நுழைந்தாலும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராக விலையைக் கேட்டால், வாசல்படி மிதித்தும் 'வாங்க' சொல்லாத வீட்டில் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கு இருக்கும். பிறகு அந்தக் கடையில் எதுவும் சுலபமாக நடக்காது.

நடக்கப் போகிறவர்கள் மரத்திலும் கல்லிலும் உள்ள வண்ணப் பட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளையும் சிவப்பும் நீண்ட தூரப் பாதை. மஞ்சள் மட்டும் என்றால் உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் பாதை இல்லை. இலையுதிர் காலத்தின் அழகைப் பார்க்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேட்டை. செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி முடிய பொதுவான வேட்டைப் பருவம். வேட்டை நடக்கிறது என்று பாதையோரம் பலகை இருந்தால் தைரியம் காட்டாமல் திரும்பிவிடுவதே சரி. நடக்கும் நாளில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். புல்வெளியில் நடந்து வந்த இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிள்காரர்கள் ஆற்றோரச் சாலையை விட்டுவிடுங்கள். சார்லாவிலிருந்து பழைய ரயில் பாதையில் போட்ட சைக்கிள் பாதை இருக்கிறது, 20 கி.மீ.க்கு மேல், ஏற்றமும் குறைவு.

லா ரோக்-கஜாக்கின் பாறை அடிவாரத்தில் கம்பி வேலியும் தடுப்பும் பார்த்தால் படத்துக்காகத் தாண்ட வேண்டாம். 1957 ஜனவரியில் இந்தப் பாறையின் ஒரு பெருந்துண்டு ஊரின் மேல் விழுந்து வீடுகள் நொறுங்கி மூன்று பேர் இறந்தார்கள். 2010இல் மறுபடியும் பாறை சரிய, மேலே உள்ள குகைக்கோட்டையை மூட வேண்டி வந்தது. ஊர்க்காரர்கள் அந்தத் தடுப்பை விளையாட்டாக வைக்கவில்லை.

குளிர்காலத்தில் வருவதென்றால் படகும் ஓடாது, உணவகங்களில் பாதி மூடியிருக்கும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் எனக்குப் பிடித்த மாதங்கள். ஜூலை ஆகஸ்டில்தான் முடியும் என்றால் வியாழக்கிழமையை மார்கேசாக் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; கையால் கத்தரித்து வளர்த்த 150,000 புதர்ச்செடிகளுக்கு நடுவே அந்த இரவுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தோட்டத்தின் கோடியில் ஆற்றுக்கு 130 மீட்டர் மேலே ஒரு மேடை. விளக்கேற்றுவதற்கு முன்பே போய்விட வேண்டும். கீழே லா ரோக்-கஜாக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகளெல்லாம் கிளம்பியிருக்கும். மேற்கு வெயிலில் பாறை முழுக்கத் தேன் நிறமாக இருக்கும். அத்தான் அங்கே நின்றுதான் முதல்முறையாகக் கைபேசியைப் பைக்குள் போட்டார். மணி எட்டரை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் முன்கூட்டியே மேஜை சொல்லி வைத்திருந்தோம்.