எக்செல் சார்ட்: தவறு ஷீட்டிலேயே ஆரம்பிக்கிறது

சார்ட் கோணலாக வந்தால் பலரும் உடனே நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது.

அடிக்கடி நடப்பது இது. முதல் நெடுவரிசையில் 2019, 2020, 2021 என்று ஆண்டுகள், அடுத்ததில் விற்பனை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போட்டால் ஆண்டும் ஒரு கோடாக வந்து நிற்கும், கீழ் அச்சில் 1, 2, 3 என்று இருக்கும். ஆண்டும் எண்தானே, அதையும் வரைய வேண்டிய அளவு என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. ‘ஆண்டு’ என்ற தலைப்பு இருக்கும் செல்லைக் காலியாக்கிவிட்டு மறுபடி போடுங்கள், சரியாகிவிடும். தலைப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அதே அவசரத்தில் கடைசி ‘மொத்தம்’ வரிசையையும் சேர்த்து இழுத்துவிடுவதுண்டு. அந்த ஒரு தூண் ஓங்கி நிற்க, மற்றவை தரையோடு ஒட்டிக் கிடக்கும். பை சார்ட் என்றால் வட்டத்தில் சரிபாதி மொத்தத்துக்கே போய்விடும்.

ஷீட்டில் எண் இருக்கிறது, சார்ட்டில் தூண் இல்லையா? அந்த எண் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது எழுத்தாகப் பதிந்திருக்கக்கூடும். சார்ட் அதைப் பூஜ்யமாகத்தான் வரையும். வேறு மென்பொருளிலிருந்து காப்பி செய்த தரவில் இது சகஜம்.

அப்புறம் லைன் சார்ட்டா, ஸ்கேட்டரா (இரண்டு அச்சிலும் எண்ணின் அளவுப்படியே புள்ளி வைக்கும் சார்ட்) என்கிற குழப்பம். 1, 2, 5, 30 ஆவது நிமிடங்களில் வெப்பநிலை அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைன் சார்ட் நான்கையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 25 நிமிட இடைவெளியும் 1 நிமிட இடைவெளியும் ஒரே அகலத்தில் தெரியும், கோட்டின் சரிவே பொய்யாகிவிடும். இதற்கு ஸ்கேட்டர்தான்.

தூண் வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். 96, 98 என்ற இரண்டு எண்களை 95-இல் தொடங்கி வரைந்தால் ஒன்று மற்றதைப் போல் மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். லைன் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முப்பரிமாண பை சார்ட்டை, என்னைக் கேட்டால், தொடவே வேண்டாம்.

சார்ட்டை யாருக்காவது அனுப்பும் முன் ஷீட்டில் ஃபில்டர் ஏதும் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறைந்திருக்கும் வரிசைகளை எக்செல் வழக்கமாக வரையாது; வரையவில்லை என்று சொல்லவும் சொல்லாது.