சென்னையிலிருந்து கோவளம்: மிதிவண்டியில் ஒரு காலைப் பயணம்

வெளிநாட்டில் மிதிவண்டி ஓட்டிப் பழகிய நம்மவர்கள் விடுமுறைக்குச் சென்னை வந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை சென்று வர ஆசைப்படுவது வழக்கம். முதன்முறை செல்வோர் கோவளத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். திரும்பும் வழி முழுவதையும் வெயிலில்தான் மிதிக்க வேண்டியிருக்கும். கோவளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான் என்பதால், மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். "வீட்டில் கார் இருக்கும்போது சைக்கிள் எதற்கு?" என்று பெரியம்மா தடுக்கக்கூடும், முந்தைய இரவே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். ஜனவரியில் ஆறரை மணியளவில்தான் சூரியன் உதிக்கும். ஆனால் அம்மாதங்களில் வீசும் வாடைக்காற்று, தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டு, திரும்பும்போது நெஞ்சில் மோதும். ஆகவே போகும் வேகத்தைக் கண்டு மகிழ்ந்து வலிமையைத் தீர்த்துவிடாதீர்கள். கத்திரி வெயில் காலத்தில் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள், எந்தப் பக்கத்துக் கைப்பிடி முன்சக்கர பிரேக்கை இயக்குகிறது என்பதைத் தெருவிலேயே ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இது நாட்டுக்கு நாடு மாறும். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலிருந்தோ வருபவர்களுக்கு இங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதும் புதிது. திருப்பங்களில் கை தானாக வலப்பக்கம் இழுக்கும். மெல்லிய டயர் வண்டியின் டியூப் வால்வுக்குச் சாலையோரப் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது என்பதால், அதற்கான அடாப்டர், மாற்று டியூப், சிறிய பம்ப் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தலைக்கவசமும் முன்பின் விளக்குகளும் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டு அட்டையைத் தேநீர்க் கடையில் நீட்ட முடியாது. சில்லறை நோட்டுகள் இருக்கட்டும்.

திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து திருவான்மியூரை அடைந்தபின், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை வரையிலான பகுதிதான் மிகுந்த கவனம் கேட்பது. மாநகரப் பேருந்துகள் நிறுத்தங்களில் திடீரென இடப்பக்கம் ஒதுங்கும். எதிர்த்திசையில் இருசக்கர வாகனங்கள் வரும். சாலை அகலப்படுத்தும் பணியால் ஓரம் கரடுமுரடாகவும் இருக்கலாம். கடற்கரைச் சாலை என்று பெயர்தான்; கடல் கண்ணில் படாமல் பங்களாக்களின் மதில்கள் நெடுந்தூரம் மறைத்து நிற்கும். உத்தண்டி சுங்கச்சாவடியில் மிதிவண்டிக்குக் கட்டணம் இல்லை. அதற்கு அப்பால் சாலை விரிந்து மனம் இளகும் என்றாலும், வார இறுதி விடியலில் கார்களும் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் போலப் பறப்பதும் அங்கேதான். ஓரக்கோட்டை விட்டு விலகாமல், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள்.

முட்டுக்காட்டுப் பாலம் வந்ததும் காட்சி மாறிவிடும். வலப்புறம் உப்பங்கழி, இடப்புறம் அது கடலோடு கலக்கும் முகத்துவாரம், சேற்றில் இரை தேடும் கொக்குகள். சூரிய உதயத்தை இங்கே பார்க்கும்படி நேரத்தைக் கணக்கிடுவது சிறப்பு. படம் எடுப்பதானால் பாலத்தின் மேல் நிற்காமல், கடந்து சென்று சாலையை விட்டு இறங்கியபின் எடுங்கள்.

கோவளம் மீனவர் ஊர். தர்காவும் மாதா கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, படகுகள் கரையேறும் வேளையில் மீன் விற்பனையும் நடக்கும். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்று இக்கடற்கரைக்கு 2021ஆம் ஆண்டு கிடைத்தது. அலை அமைதியாகத் தோன்றினாலும் நீரோட்டம் இழுக்கும் கடல் இது. குளிக்க விரும்புவோர் அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியைத் தாண்ட வேண்டாம். இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, ஓர் இளநீரும் குடித்து, ஏழரைக்குள் அங்கிருந்து திரும்பப் புறப்பட்டுவிட வேண்டும். கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அலுவலகப் போக்குவரத்து நெரிசலில் அது வேண்டாத தொல்லை.

விபத்து நேர்ந்தால் 108 எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். உடல் ஒத்துழைக்கவில்லை, எதிர்காற்று மிகுதி என்றால், வண்டியோடு உங்களையும் ஏற்றிக்கொள்ளும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றைக் கோவளத்திலேயே விசாரித்து, வாடகையைப் பேசி முடித்த பிறகே ஏறுங்கள்.