சுவிட்சர்லாந்தில் ஒருநாள் பயணங்கள்: முதல்முறை போகிறவர்கள் திட்டம் போடும் முறை

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் இப்போது பல வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ வேலையில் இருக்கிறார்கள். "அப்பா அம்மாவை வரவழைக்கப் போகிறேன், ஒரு வாரம் மலையெல்லாம் காட்டணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசா, விமானம் எல்லாம் இதில் வராது. ஓர் ஊரில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி எப்படித் திட்டம் போடுவது என்பது மட்டும்தான்.

ஆரம்பத்திலேயே ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். நாடு சின்னதுதான், 41,285 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நமக்குத் தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர் என்றால் ஒன்று, ஒன்றேகால் மணி நேரம், நடுவில் ஏறி இறங்க என்ன இருக்கிறது, வயலும் வாய்க்காலும்தானே. அங்கே லாட்டர்புருன்னனும் கிரிண்டல்வால்டும் வரைபடத்தில் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகள், விரலால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் குறுக்கே மலை நிற்கிறது. கீழே சந்திப்பு வரை இறங்கிவந்து அடுத்த பள்ளத்தாக்குக்குள் மறுபடி ஏற வேண்டும், இல்லையென்றால் 2,061 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிளைன ஷைடெக் கணவாய் வழியாகப் பல்சக்கர ரயிலில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான். நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் பலகைகளைப் பாருங்கள், அடுத்த இடத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்றுதான் எழுதியிருக்கும்.

படி 1: தங்கும் ஊரை முடிவு செய்யுங்கள்

நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிற வெளியூர்க்காரர்கள் கும்பகோணத்தில் அறை எடுப்பது எதற்காக? ஆலங்குடிக்கும் சூரியனார்கோயிலுக்கும் கஞ்சனூருக்கும் அங்கிருந்து போய்த் திரும்புவது சுலபம். அதே யோசனைதான் இங்கேயும். உயரமான பனிமலைகள் வேண்டுமென்றால் இன்டர்லாக்கன், ஏரியும் நடுத்தர மலைகளும் வேண்டுமென்றால் லூசெர்ன். ஒரு வாரம் இருந்தால் இரண்டிலும் பாதிப் பாதி தங்குங்கள். இரண்டுக்கும் நடுவே மணிக்கொரு ரயில், ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம், புரூனிக் கணவாயைத் தாண்டி ஏரிகளை ஒட்டியே போகும். அந்தப் பயணமே ஒரு காட்சி, பெட்டியோடு ஊர் மாறுகிற நாளும் வீணாகாது.

விமானம் சூரிச்சில் இறங்குகிறது என்பதற்காக அங்கேயே தங்கிவிடாதீர்கள். இன்டர்லாக்கனுக்குப் போகவே சுமார் 2 மணி நேரம் ஆகும், தினமும் போகவர 4 மணி நேரம் ரயிலிலேயே கழியும். அப்புறம், இன்டர்லாக்கனில் வெஸ்ட், ஓஸ்ட் என்று இரண்டு நிலையங்கள். மலைக்குப் போகும் ரயில்கள் ஓஸ்டிலிருந்துதான் கிளம்புகின்றன, அறையை அதன் பக்கம் பாருங்கள்.

படி 2: நாட்களுக்குத் தேதி போடாதீர்கள், தரம் பிரியுங்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

திங்கள் இந்த மலை, செவ்வாய் அந்த மலை என்று ஊரிலிருந்தே தேதி போட்டு வைத்துக்கொண்டு போனால், செவ்வாய்க்கிழமை மேகம் மூடிவிட்டால் 3,000 மீட்டர் உயரத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கொடுத்த பணம் கொடுத்ததுதான். அதற்குப் பதிலாக, போக நினைக்கும் இடங்களை மூன்று வகையாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். வானம் சுத்தமாக இருந்தால் மட்டும் போக வேண்டியவை: யுங்ஃபிராவ்யோக், கோர்னர்கிராட், பிலாட்டஸ் மாதிரி ரயிலோ கேபிள் காரோ போகும் உயரமான மலை இடங்கள். பாதி மேகத்திலும் நன்றாக இருப்பவை: ஏரிப் படகு, முர்ரன் மாதிரி மலைக் கிராமங்கள். மழையிலும் போகக்கூடியவை: பெர்ன் நகரம், லூசெர்ன் பழைய ஊர், அருவிகள். எந்த நாளுக்கு எது என்பதை முந்தின நாள் ராத்திரியும் அன்று காலையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பார்ப்பது எப்படி? அநேகமாக எல்லா மலையுச்சி நிலையத்திலும் நேரலை வெப்கேம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் திறந்து பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஏனென்றால் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கீழே மூடுபனி கவிந்து ஊரே சாம்பலாக இருக்கும், அதே நேரம் லூசெர்ன் பக்கத்து ரிகி மலை உச்சியில் வெயில் அடிக்கும், கீழே பனி கடல் மாதிரி பரந்து கிடக்கும். கோடையில் இதற்கு நேர்மாறு, காலை தெளிவாக இருந்துவிட்டு மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி மழை வரலாம். அதனால் உயரமான இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மீட்டியோசுவிஸ் என்ற அரசு வானிலை ஆப்பும் போனில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காகச் சில நாட்களோ வாரங்களோ நிறுத்திவிடுவார்கள். பிலாட்டஸின் பல்சக்கர ரயில் குளிர்காலம் முழுக்க ஓடாது. கிளம்புவதற்கு முன்னாலேயே அந்தந்த மலையின் இணையதளத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: ரயில் அட்டவணையைப் புரிந்துகொள்ளுங்கள்

எஸ்பிபி என்கிற சுவிஸ் ரயில்வேயின் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ரயில், பஸ், படகு, பெரும்பாலான கேபிள் கார்கள் எல்லாம் அதில் ஒரே தேடலில் வரும், எந்தப் பிளாட்பாரம், மாறுவதற்கு எத்தனை நிமிடம் என்பதுவரை காட்டும்.

1982 முதல் அந்த நாட்டு ரயில்கள் மணிக்கொரு தடவை ஒரே நிமிடத்தில் கிளம்பும் முறையில் ஓடுகின்றன. 9.05க்கு ஒரு ரயில் என்றால் 10.05க்கும் 11.05க்கும் அதே ரயில் இருக்கும். பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து, ஆட்கள் மாறி ஏறியதும் கிளம்பும்படி அமைத்திருக்கிறார்கள். ஆப்பில் "மாற 6 நிமிடம்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அதற்குத் தகுந்த மாதிரிதான் நேரம் போட்டிருப்பார்கள். முதியவர்கள் கூட இருந்தால் மட்டும் அடுத்த ரயிலுக்குத் திட்டம் போடுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து மலைக்குப் போகும் ரயில் ஒரே ரயிலாகத்தான் கிளம்பும். நடுவில் ட்ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகக் கழற்றிவிடுவார்கள். ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. ஏறும்போதே பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்திருப்பார்கள், உங்கள் பாதி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பதைப் பலகையே சொல்லும். குடும்பத்தில் நாலு பேர் ஒரு பெட்டியிலும் பாட்டி தாத்தா இன்னொரு பெட்டியிலும் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: திரும்பி வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

12 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று தெரிந்துதானே நாம் காலையில் எந்தக் கோயில் முதலில் என்று வரிசை போடுகிறோம். மலையில் அந்த நடை சாத்தும் நேரம் என்பது கடைசி கேபிள் கார் இறங்கும் நேரம். பல இடங்களில் அது சாயங்காலம் 5 மணி, 6 மணிக்கெல்லாம் முடிந்துவிடும். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதை நம்பி மேலே உட்கார்ந்துவிடக் கூடாது. முதலில் கடைசி இறக்கத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்குவதாக வையுங்கள், அதிலிருந்து பின்னால் வந்தால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முடிந்தவரை போன வழியே திரும்பாதீர்கள். எனக்குப் பிடித்த இரண்டு வட்டங்களைச் சொல்கிறேன்.

லூசெர்னில் தங்கியிருந்தால் ரிகி. காலையில் படகில் விட்ஸ்னாவுக்குப் போங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பல்சக்கர ரயிலில் சுமார் அரை மணியில் உச்சி. 1871இல் ஓட ஆரம்பித்த இதுதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். 1,798 மீட்டர்தான் என்பதால் பெரியவர்களுக்கும் சிரமமில்லை. இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவ் ரயிலைப் பிடித்து அங்கிருந்து லூசெர்ன்.

இன்டர்லாக்கனில் என்றால் லாட்டர்புருன்னனுக்குப் போய், கேபிள் காரில் குருட்ஷால்ப் ஏறி, அங்கே காத்திருக்கும் குட்டி ரயிலில் முர்ரன் போங்கள். வெளியிலிருந்து கார்கள் வராத கிராமம், 1,638 மீட்டர், எதிரே ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். மதியத்துக்கு மேல் மறுபக்கமாக ஸ்டெஷல்பெர்குக்குக் கேபிள் காரில் இறங்கிப் பஸ் பிடித்தால் வழியிலேயே ட்ரும்மல்பாக் அருவிகள். மலைக்கு உள்ளே, பாறையைக் குடைந்துகொண்டு பத்து அடுக்காக விழுகிற தண்ணீர். அந்த மூன்று சிகரங்களின் இந்தப் பக்கத்துப் பனியாற்று நீர் இதன் வழியாக இறங்குகிறது, உச்சத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே கைப்பிடிக் கம்பி அதிரும், முகத்தில் சாரல் அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆற்றின் கடைக்கோடியில், மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது என்பேன். குளிர்காலத்தில் மூடியிருக்கும், 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள்.

மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்து ஊரான செர்மாட்டுக்கும் இன்டர்லாக்கனிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ஷ்பெர்க் சுரங்கத்தால்தான் இது சாத்தியம். ஆனாலும் ஒருவழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மேட்டர்ஹார்ன் மேகத்துக்குள் ஒளிந்திருந்தால் மனசு ஆறாது. வானம் தெளிவு என்று உறுதியானால் மட்டும் போங்கள்.

படி 5: பாஸ்

திட்டம் முடிந்த பிறகுதான் பாஸ் வாங்க வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸில் ரயில், பஸ், படகு எல்லாம் அடக்கம், ரிகியும் இலவசம். ஆனால் யுங்ஃபிராவ்யோக் மாதிரி இடங்களுக்குக் கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரைதான், அதற்கு மேல் தள்ளுபடி மட்டும். அரைக் கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும், யுங்ஃபிராவ்யோக்குக்கும் பாதி விலை. தினமும் நீண்ட தூரம் சுற்றுகிறவர்களுக்குப் பாஸ், ஒரே ஊரில் இருந்து விலை கூடிய மலைகள் ஏறுகிறவர்களுக்கு அரைக் கட்டண அட்டை பெரும்பாலும் லாபம். உங்கள் திட்டத்தின் டிக்கெட் விலைகளை ஆப்பில் பார்த்துக் கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டை மலைக்குப் போகும் நாளுக்கு வாங்க வேண்டாம், வானிலை பார்த்து நாளை மாற்ற முடியாமல் போய்விடும்.

படி 6: உடம்பும் சாப்பாடும்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். இன்டர்லாக்கனில் 28 டிகிரி வெயில் என்றால் 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக்கில் 10 டிகிரிக்கும் கீழே, காற்று அடித்தால் இன்னும் மோசம். ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி, வழுக்காத ஷூ மூன்றும் பையிலேயே இருக்கட்டும். அங்கே காற்றும் மெலிது, அம்மா அப்பா மெதுவாக நடக்கட்டும். இதயத்தொல்லையோ மூச்சுத்திணறலோ இருப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் முர்ரனே போதும், காட்சியில் ஒரு குறையும் இல்லை.

மலையில் சாப்பாடு விலை அதிகம், சைவர்களுக்குத் தேர்வும் குறைவு. சமையலறை உள்ள அறையாக எடுத்து, புளிக்காய்ச்சலை ஊரிலிருந்து கொண்டுபோனால் காலையில் கிளறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். மிக்ரோஸ், கோப் கடைகளில் "நேச்சர்" என்று போட்ட தயிர் சர்க்கரை இல்லாதது, தயிர்சாதத்துக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் வாங்க வேண்டாம், தெருக் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், கூடாது என்றால் அங்கேயே எழுதியிருப்பார்கள்.

மழை நாளுக்குப் பெர்னை வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். பழைய நகரத்தில் கடைத்தெரு நெடுக வளைவு வைத்த மூடிய நடைபாதைகள், குடையே வேண்டாம். 1980களிலிருந்து அந்த நாட்டில் குடியேறிய ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் பெர்னின் யூரோப்பாபிளாட்ஸில், பல மதங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் சமயங்களின் இல்லத்தில் உண்டு, தமிழிலேயே வழிபாடு. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் நடை திறக்கும் நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொண்டு, அதை வைத்து அன்றைய ரயிலைப் பிடியுங்கள்.