கடலோரத்தில் உயர்தர வீடு: மனை தேர்விலிருந்து குடியிருப்போர் சங்கம் வரை

கடலை ஒட்டி வீடு கட்டவோ வாங்கவோ எண்ணுபவர்கள் பெரும்பாலும் காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். படுக்கையறையிலிருந்து அலை தெரிய வேண்டும், வரவேற்பறையின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருக்க வேண்டும், குளத்து நீரும் கடலும் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. இந்த ஆசைகளில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உப்பும் காற்றும் நீரும் ஓயாமல் வேலை செய்யும் இடத்தில், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் சன்னல்கள் தடையின்றி நகர்கின்றனவா, தளத்தின் அடியில் காரை பெயராமல் இருக்கிறதா, வளாகத்தின் நிலத்தடி நீர் குடிக்கும் தன்மையோடு இருக்கிறதா என்பவைதான் சொகுசின் அளவுகோல்கள். அலங்காரத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டி முடித்த பின் மாற்ற முடியாது.

முதலில் மனை. கரைக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பருவந்தோறும் அலை மணலை அள்ளிச் செல்வதும் மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதும் இயல்பு. போன மணல் ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருப்பதுதான் அரிப்பு. பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கரை எந்தத் திசையில், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது எவருக்கும் புலப்படும். அருகில் துறைமுகத் தடுப்புச் சுவரோ, கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவோ இருந்தால், மனை அதன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கரையோரமாக நகர்ந்துவரும் மணல் ஒரு பக்கம் தங்கி அங்கே கடற்கரை அகலமாகும். மறுபக்கத்துக்கு மணல் வராமல் கரை தேயும். ‘கடல் சுவர் கட்டியிருக்கிறோம், கவலை வேண்டாம்’ என்று விற்பனையாளர் சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலை அரிக்கும். சுவர் முடியும் இடத்தில் அடுத்தவர் மனையை அரிக்கும். கடலோரக் கட்டுமானத்துக்கான சட்டங்களும் விலக வேண்டிய தூரமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அந்த மனைக்கே உரிய அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படிக்க வேண்டும். விளம்பரக் கையேட்டில் உள்ள வரி போதாது.

மனைக்கும் கடலுக்கும் இடையே மணல்மேடு இருந்தால், அதுவே அந்த இடத்தின் மிகப் பெரிய செல்வம். காட்சியை மறைக்கிறது என்று அதைச் சமன்படுத்துபவர்கள், புயல் நாளில் அலையின் வேகத்தைத் தாங்கும் முதல் அரணைத் தாங்களே அகற்றுகிறார்கள். வெப்பமண்டலக் கரைகளில் அடும்பும் இராவணன் மீசையும் தம் நீண்ட கொடிகளாலும் தண்டுகளாலும் மணலைப் பிடித்து வைக்கின்றன. அவற்றைக் களைந்து புல்தரை போடுவதால் அழகு கூடுவதில்லை. மேட்டின் பிடிமானம் போய்விடுகிறது. கடற்கரைக்குச் செல்ல, மேட்டை வெட்டாமல் அதற்கு மேலே கால்களில் நிற்கும் மரப்பாதை அமைத்தால் போதும்.

அடுத்தது உயரம். 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் வேகம் கூடியும் இருக்கிறது. ஆகவே இதுவரை வந்த வெள்ளத்தின் அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு மேலும் இடைவெளி விட்டு வாழும் தளத்தின் மட்டத்தைப் பொறியாளருடன் தீர்மானியுங்கள். அலை நேராக வரக்கூடிய இடங்களில் நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய பைல் தூண்களின் மேல் வீட்டை நிறுத்தி, கீழ்ப்பகுதியைத் திறந்தவெளியாக விடுவதே சிறந்த முறை. நீர் தடையின்றிப் புகுந்து வெளியேறும், மண் அரிபட்டாலும் வீடு நிற்கும். கீழே சுவர் வேண்டுமென்றால், வெள்ளத்தின் அழுத்தத்தில் தானாகப் பிரிந்து விழும் இலேசான சுவராக அது இருக்கட்டும். மின்பலகை, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். லிஃப்ட் பொருத்துபவர்கள் அநேகமாகச் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: லிஃப்ட் குழியில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்தால், குழிக்குள் நீர் வந்தவுடன் பெட்டி தானாக மேல்தளத்துக்குப் போய் நிற்கும், இல்லையென்றால் அது வழக்கம்போலத் தரைத்தளத்துக்கு இறங்கி நீரில் மூழ்கும்.

கட்டுமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடலோர வீடுகள் பழுதடைவது பெரும்பாலும் இங்கேதான். உப்புக்காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே சென்று கம்பியை அடைகிறது. கம்பியைச் சுற்றியுள்ள பாதுகாப்புப் படலம் உடைந்து துரு தொடங்குகிறது. துருவானது தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் நாளில் நோய் முற்றியிருக்கும். இதைத் தள்ளிப்போட வழி மூன்று. நீர்–சிமெண்ட் விகிதத்தை 0.40 அளவுக்குக் குறைத்து, இரும்பு உலைக் கசடு அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டைக் கொண்டு அடர்த்தியான கலவை போடுவது முதலாவது. வெளிக்காற்று படும் பகுதிகளில் கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே 50 மில்லிமீட்டருக்குக் குறையாத கான்கிரீட் மூடல் விடுவது இரண்டாவது. கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்கும் நீராற்றலுக்கும் உவர்நீரையோ கழுவாத கடல்மணலையோ தொடக்கூட விடாமல் இருப்பது மூன்றாவது.

மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தளம் போடும் நாளுக்கு முன்தினம் சென்று, கம்பிக் கட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கம்பிகளைத் தாங்கி நிற்பவை அளவெடுத்து வார்த்த கான்கிரீட் கவர் பிளாக்குகளா, அல்லது அவசரத்துக்குச் செருகிய ஜல்லித் துண்டுகளா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜல்லித் துண்டு கான்கிரீட் ஊற்றும்போது புரண்டுவிடும். அந்த இடத்தில் கம்பி, கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் முதல் விரிசல் சரியாக அங்கேதான் தோன்றும். இத்தாலியப் பளிங்குக்குச் செலவிடத் தயங்காதவர்கள் இந்தச் சிறு கட்டிகளில் கணக்குப் பார்ப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கைப்பிடி, கீல், திருகு ஆகியவற்றில் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. 304 தர எஃகு கடற்காற்றில் பழுப்புக் கறை படியும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 தரமே கடலோரத்துக்கு ஏற்றது. அதையும் மாதம் ஒருமுறையேனும் நன்னீரால் கழுவ வேண்டும். மழை படாத, மூடிய பகுதிகளில்தான் உப்பு அதிகம் தங்குகிறது என்பதால், கைப்பிடியின் அடிப்பகுதியையும் திருகுத் தலையின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு நேரடியாகப் பட்டால் அலுமினியம் அரிபடும். இடையில் நைலான் வாஷர் போதும். வெளிப்புற மரவேலைக்குத் தேக்கு நன்கு உழைக்கும், எண்ணெய் பூசாவிட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

சன்னல்களுக்கு வருவோம். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. புயலில் ஒரு பெரிய கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால், அது கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளியிலிருந்து உறிஞ்சும் விசையும் சேர்ந்துகொள்ள, கூரையே பெயர்ந்துவிடும். எனவே உடைந்தாலும் சட்டத்தை விட்டு விலகாத லேமினேட்டட் கண்ணாடியும், நான்கு பக்கமும் சரிந்த கூரையும், கூரையிலிருந்து அடித்தளம் வரை இடைவிடாத உலோகப் பிணைப்பும் ஒன்றாகவே திட்டமிடப்பட வேண்டும். கடலை நோக்கிய சுவர் முழுவதையும் கண்ணாடியாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. வெயில் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் கூச்சத்தால் பகலெல்லாம் திரையை இழுத்து மூடி வைக்கும் வீடுகள் ஏராளம். ஆழமான தாழ்வாரத்துக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தைக் கணக்கிட்டு வைத்த அகலமான இரண்டு திறப்புகள் அதைவிட நிறைவான காட்சியைத் தரும். பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசுவதால், எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் இரு வேளையும் வீடு மூச்சுவிடும்.

குளிரூட்டியைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். பெரிய இயந்திரம் அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அலமாரிக்குள் பூஞ்சை படரும். வெளிப்பெட்டியைக் கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் வைத்து, அரிப்பைத் தாங்கும் பூச்சுடைய குழாய்ச்சுருளை (காயில்) கேட்டு வாங்குங்கள். நீச்சல் குளத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே: நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் குளத்தையே மேலே தூக்கிவிடக்கூடும்.

இனி வளாக வாழ்க்கை. தனி வீட்டை எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், கடலோரத்தில் பக்கத்து வீட்டாரின் செயல் நம்மை வந்தடையும். நிலத்தடி நீர் இதற்குச் சரியான சான்று. கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் நிற்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். வீட்டுக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு, வீட்டுக்கு ஒரு குளம், சுற்றிலும் புல்தரை என்று விற்கப்படும் வளாகம், தன் காலடி நீரைத் தானே உவர்ப்பாக்குகிறது. பொதுவான நீர் வழங்கல், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்பு, தோட்டத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர் ஆகிய மூன்றும் உள்ள வளாகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டுப்பாடுகள் உள்ள வளாகம் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நல்ல கட்டுப்பாடு என்ன செய்யும் என்பதை அறிய கலிஃபோர்னியாவின் சீ ராஞ்ச் குடியிருப்பைப் பார்க்கலாம். 1960-களில் நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் வகுத்த திட்டப்படி, அங்கே வீடுகள் மரவரிசைகளை ஒட்டிக் கூட்டமாக அமைந்தன. புல்வெளிகள் பொதுவாக விடப்பட்டன. கூரைகள் காற்றின் போக்குக்கேற்பச் சரிந்தன. சுவர்கள் வண்ணமற்ற மரத்தால் ஆயின. கரையை மறித்து வீடுகளை நிறுத்தாமல், பின்னால் இருப்பவர்களுக்கும் கடல் கிடைக்கும்படி அந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. அதே இடம் கரைக்குப் பொதுமக்கள் செல்லும் உரிமை பற்றிய நீண்ட சச்சரவையும் சந்தித்தது. ஆகவே கடற்கரைக்கான பொதுவழி எங்கே, அதைப் பேணுவது யார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விளக்குகளுக்கும் விதி வேண்டும். ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி நகர்வதால், முட்டையிடும் பருவத்தில் கடற்பக்க விளக்குகள் தாழ்வாகவும் மறைப்போடும் செம்மஞ்சள் நிறத்திலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் பராமரிப்பு இருப்புநிதியைப் பாருங்கள். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டப்பட்ட 12 மாடி கடலோரக் குடியிருப்பு, 2021 ஜூன் 24 அன்று அதிகாலை ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தனர். 2018-லேயே ஒரு பொறியாளர், குளத்தை ஒட்டிய தளம் நீர் வடியச் சரிவின்றிச் சமமாக அமைந்திருப்பதையும், நீர்க்காப்பு தோற்றுக் கீழுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருப்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்ப்பின் பெரும் செலவை உரிமையாளர்கள் எப்படிப் பகிர்வது என்பதில் கருத்து வேறுபாடு நீடித்து, முக்கியப் பணிகள் தள்ளிப்போயின. மாதக் கட்டணம் குறைவாக இருப்பதை விளம்பரமாகச் சொல்லும் கடலோர வளாகத்தை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகள், கடைசிக் கட்டமைப்பு ஆய்வறிக்கை, இருப்புநிதிக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய நான்கையும் எழுத்துமூலம் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டிய ஓர் உயர் ஓத நேரத்தில், அதாவது கடல்நீர் மிக உயர்ந்திருக்கும் வேளையில், முடிந்தால் மழை நாளில், வளாகத்தைச் சென்று பாருங்கள். மழைநீர் வடிகால் கடலிலோ கழிமுகத்திலோ சேரும் இடத்தில் கடல்நீர் குழாயின் வாயைவிட உயர்ந்தால், தெருநீர் வெளியேறாததோடு கடலும் குழாய் வழியே உள்ளே வரும். அதைத் தடுக்க, ஒருவழியாக மட்டுமே திறக்கும் வால்வு அங்கே இருக்க வேண்டும். சிப்பியும் மணலும் அடைத்துப் பாதி திறந்தே நிற்கும் வால்வு இருந்தும் பயனில்லை. அது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று வளாக மேலாளரிடம் கேட்டு, நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.